'தி டூம்ஸ்டே ஃப்ளைட்' (1966): வெடிகுண்டே வேண்டாம், ஒரு போன் போதும்

நள்ளிரவுத்திரை:

விமானத்துக்குள் ஆபத்து என்றதும் எல்லோரும் திரையரங்கில் ஓடிய பெரிய படங்களைத்தான் பேச்சுக்கு எடுக்கிறார்கள். தொலைக்காட்சிக்கென்றே எடுத்த ஒரு படத்துக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். 'தி டூம்ஸ்டே ஃப்ளைட்'. 1966 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. எழுதியவர் ராட் சர்லிங், 'ட்வைலைட் ஸோன்' தொடரை உருவாக்கிய அதே ஆள். இயக்கம் வில்லியம் கிரஹாம்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் ஜெட் விமானம் மேலே ஏறிய பிறகு விமான நிறுவனத்துக்கு ஒரு போன் வருகிறது. உள்ளே வெடிகுண்டு வைத்திருக்கிறேன், 4,000 அடிக்குக் கீழே இறங்கினால் வெடிக்கும், 1,00,000 டாலர் கொடுங்கள், எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். கதை இவ்வளவுதான். மேலே பறக்கும்வரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் எரிபொருள் தீர்ந்துகொண்டே வரும்.

எனக்கு இதில் பிடித்தது, வில்லன் விமானத்திலேயே இல்லை என்பது. எட்மண்ட் ஓ'பிரையன் நடித்த அந்த ஆள் ஒரு காலத்தில் விமானத் துறையில் பொறியாளராக இருந்தவன். கீழே ஒரு பாரில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறான், எழுந்து போய் போன் பேசுகிறான், திரும்ப வந்து உட்காருகிறான். மேலே அத்தனை உயிர்கள் ஊசலாடுகின்றன. கீழே ஒருத்தன் தன் மனக்கசப்பைப் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறான். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே படம் போய்வருகிறது. விமானி வான் ஜான்சன், எஃப்.பி.ஐ. அதிகாரி ஜாக் லார்ட். இசை லாலோ ஷிஃப்ரின்.

குண்டு எங்கே இருந்தது என்று சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஆனால் தப்பிக்கும் வழியைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. விமானத்தை டென்வருக்குத் திருப்புகிறார்கள். அந்த ஊரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்டாலும் 4,000 அடிக்குக் கீழே போகவில்லை. பார்க்கும்போது எழுந்து நின்றுவிட்டேன்.

பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


பழையபெட்டி:

நல்ல தேர்வு. சினிமாவுக்கு எடுத்திருந்தால் இதைக் கெடுத்திருப்பார்கள் என்பது என் கட்சி. அறுபதுகளின் நடுவில்தான் யுனிவர்சல் பட நிறுவனமும் என்.பி.சி.யும் சேர்ந்து தொலைக்காட்சிக்கென்று முழுநீளப் படங்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். காசு குறைவு, நாளும் குறைவு. ஒரு கேபின் செட், ஒரு காக்பிட், ஒரு அலுவலகம், ஒரு பார். விமானம் வெடிப்பதையோ விழுவதையோ காட்டப் பணம் கிடையாது. அதனால் முகத்தையும் குரலையும் வைத்தே பயத்தைக் கிளப்பியாக வேண்டும். விளம்பர இடைவேளை வேறு. ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னாலும் கதை ஒரு முடிச்சில் நின்றாக வேண்டும், இல்லையென்றால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். சர்லிங் தொலைக்காட்சியிலேயே வளர்ந்தவர் என்பதால் அந்த முடிச்சுகள் ஒட்டவைத்தது மாதிரி தெரியாது.

இந்த வகைக்கே தாய் என்று நான் சொல்வது 1956 ஏப்ரலில் கனடாவின் சி.பி.சி. ஒளிபரப்பிய 'ஃப்ளைட் இன்டு டேஞ்சர்' நாடகத்தை. ஆர்தர் ஹெய்லி எழுதியது. உணவு நச்சாகி விமானிகள் இருவரும் சாய்ந்துவிட, போரில் சிறிய விமானம் ஓட்டிய ஒரு பயணி விமானத்தை இறக்க வேண்டும். நேரடி ஒளிபரப்பு. பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்'கில் ஸ்காட்டியாக வந்த ஜேம்ஸ் டூஹன்தான் அந்தப் பயணி. அதே கதை அடுத்த ஆண்டு சினிமாவானது, 1971இல் 'டெரர் இன் த ஸ்கை' என்று திரும்பவும் தொலைக்காட்சிக்கு வந்தது.


ஹேங்கர்சத்தம்:

விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி ஒன்று. பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கூட்டி வைத்திருப்போம். வெளியே 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருப்பவருக்கு 6,000, 7,000 அடி மலையில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். 8,000 அடி என்பது வழக்கமான மேல் வரம்பு. அப்படியானால் கேபினுக்குள் இருக்கிற ஒரு கருவிக்கு விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்று தெரியவே தெரியாது. உயரத்தை அது காற்றழுத்தத்தை வைத்துத்தான் அறியும், ஆகக் கேபினின் அழுத்தம் காட்டும் உயரம்தான் தெரியும்.

முதலில் இது பெரிய ஓட்டை என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் ஓட்டையே இல்லை. 4,000 அடி என்று எழுதியிருப்பதால் கணக்கு நிற்கிறது. கேபின் உயரம் 4,000ஐத் தாண்டி ஏறும், இறங்கும்போது 4,000க்குக் கீழே வரும். டென்வரில் இறங்கினால் கேபினும் ஐயாயிரத்துச் சொச்சத்திலேயே நின்றுவிடும். இதே எண்ணை 20,000 என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே படுத்திருக்கும், ஏனென்றால் கேபின் அந்த உயரத்துக்குப் போவதே இல்லை.


கதைப்பித்தி:

ஹேங்கர் அண்ணா, ஒரு சந்தேகம். உள்ளே அழுத்தத்தை நாம்தானே கட்டுப்படுத்துகிறோம்? அப்படியென்றால் நியூயார்க்கிலேயே இறங்கிவிட்டு, உள்ளே மட்டும் 6,000 அடி மாதிரி வைத்துக்கொண்டு எல்லோரையும் இறக்கிவிட முடியாதா? டென்வர் எதற்கு?


ஹேங்கர்சத்தம்:

@கதைப்பித்தி, முடியாதம்மா. நல்ல கேள்வி. விமானத்தின் உடம்பு உள்ளேயிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கத்தான் கட்டப்பட்டது. உள்ளே வெளியைவிட அழுத்தம் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. குறையப் போனால் ஒரு வால்வு தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டுவிடும். கடலோர ஊரில் இறங்கினால் கேபினும் கடல் மட்டத்துக்கு வந்தே தீரும். கதவையும் திறந்தாக வேண்டுமே. ஆக உயரம் என்பது நிஜமான மண்ணின் உயரமாக இருந்தால்தான் தப்பிக்க முடியும். கொடைக்கானல் ஏறும்போது பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளும், கீழே வத்தலகுண்டு வந்ததும் சுருங்கிவிடும். பாக்கெட் சுருங்கக் கூடாது என்றால் மலையிலேயே இருந்துவிட வேண்டும். சர்லிங் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

அவருடைய அண்ணன் ராபர்ட் சர்லிங் விமானத் துறையைப் பற்றியே எழுதியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராட் சர்லிங்கும் இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் இருந்தவர்.


பழையபெட்டி:

டென்வர் என்றதும் இன்னொன்று. அமெரிக்காவை உலுக்கிய விமானக் குண்டுவெடிப்பு ஒன்று அதே டென்வர் ஸ்டேபிள்டன் நிலையத்திலிருந்து கிளம்பிய விமானத்தில்தான் நடந்தது. 1955 நவம்பர் 1, யுனைடெட் 629. தன் தாயின் பெட்டிக்குள் மகனே குண்டு வைத்தான். இன்சூரன்ஸ் பணத்துக்காக. கிளம்பிய சில நிமிடங்களில் வெடித்து 44 பேர் இறந்தார்கள். அப்போது விமான நிலையத்திலேயே எந்திரத்தில் காசு போட்டு இன்சூரன்ஸ் எடுக்கலாம். 1962 மே மாதம் கான்டினென்டல் 11 விமானத்திலும் இன்சூரன்ஸ்தான் காரணம், 45 பேர்.

1966இல் படம் பார்த்த அமெரிக்கருக்கு இதெல்லாம் கற்பனை இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கமே அங்கே கிடையாது. எல்லாப் பயணியையும் சோதிப்பது கட்டாயமானது 1973 ஜனவரியில்தான்.


நள்ளிரவுத்திரை:

இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன்.

படம் ஒளிபரப்பானதுமே அமெரிக்க விமான நிறுவனங்களுக்குக் குண்டு மிரட்டல் போன்கள் வர ஆரம்பித்தன. அடுத்த சில ஆண்டுகளில் வேறு சில நாடுகளில் இதைக் காட்டியபோதும் பின்னாலேயே ஒரு போன். 1971 ஆகஸ்டில் மான்ட்ரியல் தொலைக்காட்சியில் காட்டிய பிறகு, அங்கிருந்து லண்டன் போன, பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஜம்போ விமானத்துக்கு மிரட்டல் வந்தது. அந்த விமானத்தை எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள் தெரியுமா? டென்வரில். அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டிய விமானத்தை, ஒரு தொலைக்காட்சிக் கதை காட்டிய ஊருக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். உள்ளே குண்டு எதுவும் இல்லை.

அதற்கு முன்பே, 1971 மே 26, சிட்னி. ஹாங்காங் கிளம்பிய ஆஸ்திரேலிய நிறுவனமான குவான்டாஸின் 755, போயிங் 707. தன்னை மிஸ்டர் பிரவுன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் போன் செய்தான். குண்டு இருக்கிறது, சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கினால் வெடிக்கும், 5,00,000 ஆஸ்திரேலிய டாலர் வேண்டும். நம்ப மாட்டீர்கள் என்றால் விமான நிலையத்தில் இன்ன லாக்கரைத் திறந்து பாருங்கள் என்றான். திறந்தார்கள். உள்ளே நிஜ வெடிகுண்டு, உயரமானியோடு இணைத்தது. அதைப் பார்த்த பிறகு எந்த அதிகாரியால் இது பொய் என்று சொல்ல முடியும்? டென்வர் மாதிரி ஓர் ஊரும் அங்கே கிடையாது. ஆஸ்திரேலியாவின் மிக உயரமான மலையே 2,228 மீட்டர்தான், அதன் மேல் ஜெட் இறங்க ஓடுபாதை ஏது?

விமானம் பல மணி நேரம் வட்டமடித்தது. பயணிகளுக்கு முழு விவரம் தெரியாது. குவான்டாஸ் பணத்தைக் கட்டிக்கொண்டு போய் தன் அலுவலகத்துக்கு வெளியே தெருவில் நின்ற ஒரு வேனில் கொடுத்தது. அப்புறம் ஒரு போன்: விமானத்தில் குண்டே இல்லை, இறக்கிக்கொள்ளுங்கள். எரிபொருள் தீரும் நிலையில் இறங்கினார்கள். சில மாதங்களில் ஆளைப் பிடித்து 15 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். பணத்தில் ஒரு பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. இந்தச் சம்பவமே பிறகு 1986இல் 'கால் மீ மிஸ்டர் பிரவுன்' என்று தொலைக்காட்சிப் படமானது.

என் எண்ணம் இது. எல்லோரும் இந்தப் படம் குண்டு செய்யக் கற்றுக்கொடுத்தது என்கிறார்கள். அது கற்றுக்கொடுத்தது வேறு. குண்டே தேவையில்லை என்பதைத்தான் காட்டியது. 'இறங்கினால் வெடிக்கும்' என்ற ஒரு வாக்கியம் போதும், அதைப் பொய்யென்று நிரூபிக்க ஒரே வழி இறங்கிப் பார்ப்பதுதான். அந்தத் துணிச்சல் எந்த விமானிக்கும் இருக்கக் கூடாது. சர்லிங் கண்டுபிடித்த கதைமுடிச்சு அவ்வளவு கச்சிதம். அந்தக் கச்சிதம்தான் ஆபத்து. இதற்குப் பதிலாக ஒரு குதிரைவண்டிக் கதை எழுதியிருக்கலாமே என்று அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.


கதைப்பித்தி:

வருந்தினார் என்பது அவருடைய நல்ல மனசு. ஆனால் பழியை எழுத்தாளர் தலையில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். 1955இலும் 1962இலும் குண்டு வைத்தவர்கள் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. இன்சூரன்ஸ் விளம்பரத்தைத்தான் பார்த்தார்கள். கெட்டது செய்ய நினைப்பவனுக்கு யோசனை எங்கிருந்தும் கிடைக்கும். இப்படிப் பயந்தால் துப்பறியும் கதை ஒன்றுகூட மிஞ்சாது.

அப்புறம், தடை போட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1971இல் இதைக் காட்டாதீர்கள் என்று தொலைக்காட்சி நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. சட்டம் எதுவும் போடவில்லை. கேட்டுக்கொண்டதே எனக்கு உறுத்துகிறது.


சிராங்கூன்வாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். படத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் இந்தப் பேச்சைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை. 2024 அக்டோபர் 15 உங்களுக்கு நினைவிருக்கும். மதுரையிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துக்கு மிரட்டல். சிங்கப்பூர் விமானப்படையின் எஃப்-15 போர் விமானங்கள் இரண்டு மேலே போய் அதைக் குடியிருப்புகளிலிருந்து விலக்கிக் கூட்டிக்கொண்டு வந்தன. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியது, சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. அதே நாளில் டெல்லியிலிருந்து சிகாகோ போன ஏர் இந்தியா விமானம் கனடாவின் வடக்கே இக்காலுயிட் என்ற பனி ஊரில் இறங்க வேண்டியதாயிற்று. அந்த மாதம் முழுக்க இந்திய விமானங்களுக்கு நூற்றுக்கணக்கில் பொய் மிரட்டல்கள். போன்கூட இல்லை, சமூக ஊடகத்தில் ஒரு வரி.

மதுரை விமானத்தில் வருபவர்கள் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பாட்டி, கட்டுமான வேலைக்குத் திரும்பும் பையன், முதல் தடவை பறக்கும் அம்மா. ஜன்னலுக்கு வெளியே போர் விமானம் வந்து ஒட்டிக்கொண்டு பறந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? குண்டு இல்லை என்று பிறகு தெரிந்ததால் அந்தப் பயம் இல்லையென்று ஆகிவிடாது. நள்ளிரவுத்திரை சொல்வது அறுபது ஆண்டு கழித்தும் அப்படியே உண்மை.


கதைப்பித்தி:

@சிராங்கூன்வாசி, நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டியை நினைத்தால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் 2024இல் மிரட்டியவர்கள் 1966 படத்தைப் பார்த்தா செய்தார்கள்? ஒரு மிரட்டல் செய்தியாகிறது, அதைப் பார்த்து அடுத்தவன் செய்கிறான். அப்படியானால் செய்தியையும் நிறுத்தச் சொல்வீர்களா?


ஹேங்கர்சத்தம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேலை பார்ப்பவன் கோணத்தில் ஒன்று சொல்கிறேன். மிரட்டல் வந்த விமானம் தரையிறங்கினால், அதைத் தனியாக ஒதுக்குப்புறமான இடத்துக்கு இழுத்துப்போய் நிறுத்துவார்கள். பயணிகளை இறக்கி, பைகளை எல்லாம் வெளியே எடுத்து வரிசையாக வைத்து, இருக்கைக்கு அடியில், சமையல் பகுதியில், கழிப்பறைப் பலகைக்குப் பின்னால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பொய் என்று தொண்ணூற்றொன்பது பங்கு தெரிந்தாலும் ஒரு பலகையைக்கூட விட முடியாது. பார்த்து முடித்த பிறகு அந்த விமானம் அடுத்து போக வேண்டிய ஊரில் வேறு பயணிகள் காத்திருப்பார்கள். படத்தில் இந்தத் தேடல் கொஞ்ச நேரம் வருகிறது. உண்மையில் தேடல்தான் முழு வேலையும்.

படம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் வரும் விமானக் குழு நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கத்தல் இல்லை. ஒருவர் சொல்கிறார், அடுத்தவர் செய்கிறார்.


பழையபெட்டி:

வேறு ஒரு வழியும் இருந்தது என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். தொலைக்காட்சிக்காரர்களே பின்னாளில் நடந்த விபத்துகளுக்குப் போனார்கள். 1990இல் 'மிராக்கிள் லேண்டிங்'. 1988இல் ஹவாயில் அலோஹா விமானத்தின் மேற்கூரை 24,000 அடியில் பிய்த்துக்கொண்டு போன கதை. ஒரு பணிப்பெண் இறந்தார், மற்றவர்களை விமானிகள் தரைக்குக் கொண்டுவந்தார்கள். 1995இல் 'ஃபாலிங் ஃப்ரம் த ஸ்கை: ஃப்ளைட் 174'. கிலோவுக்குப் பதில் பவுண்டில் கணக்குப் போட்டு, எரிபொருள் இல்லாமல் கனடாவின் கிம்லியில் மிதந்து இறங்கிய போயிங் 767. இதிலெல்லாம் வில்லன் கிடையாது. உலோகக் களைப்பும் (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு உலோகம் விரிசல் விடுவது) கணக்குப் பிழையும்தான். பார்த்துவிட்டு யாரும் போன் போட மாட்டார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், 'டூம்ஸ்டே ஃப்ளைட்' அளவுக்கு இவை என்னைப் பிடித்து உட்காரவைக்கவில்லை. பாரில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதனுக்கு இதயக் கோளாறு. இடத்தைச் சொல்லாமலே செத்துப்போகிறான். அதற்குப் பிறகு விமானத்தில் இருப்பவர்களுக்குப் பேரம் பேசக்கூட ஆள் இல்லை. அந்தத் திருப்பத்தை விபத்துக் கதை தராது.


நள்ளிரவுத்திரை:

@கதைப்பித்தி, படத்தை நிறுத்த வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நிறுத்த முடியாது என்பதும் தெரியும். எழுதுகிறவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்கிறேன். துப்பறியும் கதையில் கொலைகாரன் கத்தியால் குத்துகிறான். அதைப் பார்த்தவன் குத்த வேண்டுமென்றால் கத்தியெடுத்து, ஒரு மனிதன் முன்னால் போய் நின்றாக வேண்டும். அங்கே ஒரு தடை இருக்கிறது. இந்தப் படத்தில் அந்தத் தடையே இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், ஒரு சல்லிக்காசு செலவில்லாமல் செய்யலாம். சர்லிங் அதைத் தெரிந்து எழுதவில்லை, முதல் ஆள் அவர்தான் என்பதால் தெரிந்திருக்கவும் வழியில்லை. இன்று எழுதுகிறவருக்குத் தெரியும்.


கதைப்பித்தி:

சரி, இதை நேராகவே கேட்டுவிடுகிறேன். நான் ஒரு குறும்படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மிரட்டல் வரும் ஒரு விமானம்தான் களம். காசு கிடையாது, கேபின் செட் போடவும் முடியாது. நீங்கள் இதையெல்லாம் சொன்ன பிறகு எப்படி எழுதுவது?


நள்ளிரவுத்திரை:

கேபினே வேண்டாம். மிரட்டுபவனையும் காட்டாதீர்கள், அவன் குரல்கூட வேண்டாம். விமான நிறுவன அலுவலகத்தில் அந்த போனை எடுக்கும் ஆளிலிருந்து தொடங்குங்கள். இரவுப் பணி, தனியாக இருக்கிறாள். அவள் சொல்வதை வைத்துத்தான் மேலே முடிவு எடுப்பார்கள். என்ன கேட்டாள், என்ன எழுதிக்கொண்டாள், எந்த வார்த்தையைச் சரியாகக் கேட்கவில்லை, மேலதிகாரி எத்தனை தடவை திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று எழுதுங்கள். குண்டு எப்படி வேலை செய்யும் என்ற விளக்கமே தேவைப்படாது. ஹேங்கர்சத்தம் சொன்ன தேடலையும் வைத்துக்கொள்ளுங்கள், விடியும்வரை நடக்கட்டும்.


ஹேங்கர்சத்தம்:

தேடல் காட்சி எழுதும்போது கேளுங்கம்மா. பாதுகாப்புக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும் எந்த வரிசையில் பார்ப்பார்கள், யார் கையெழுத்துப் போட்டால் விமானத்தை விடுவிப்பார்கள் என்று சொல்கிறேன். ஒரு திருத்தம் இப்போதே: விடியும்வரை எல்லாம் ஆகாது. ஆள் போதுமான அளவு இருந்தால் சில மணி நேரத்தில் முடித்துவிடுவோம்.